மணியின் அடியை வெட்டிய பொறியியலாளர்

2012ஆம் ஆண்டு என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்துக்கொண்டிருந்தேன். ஒலி பற்றிய பாடத்தில் ஒருநாள் விரிவுரையாளர் தன் மடிக்கணினியை இரண்டு சிறிய ஸ்பீக்கர்களில் பொருத்தி, மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவான ஓர் ஒலிப்பதிவைப் போட்டார். விசில் சத்தம் வந்ததுமே சினிமாவில் கேட்ட ஞாபகத்தில் ரயில் என்று சொல்லிவிட்டோம். அவர் சிரித்தபடி, உண்மையான ரயிலை நேரில் கேட்டவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். வகுப்பில் மூன்றோ நான்கோ கைகள்தான் உயர்ந்தன. வவுனியாவுக்குப் போய் அங்கிருந்து கொழும்புக்கு ரயில் ஏறியவர்கள் அவர்கள்.

1990இல் வடக்குக்கான ரயில் நின்றது. யாழ்ப்பாணத்துக்கு அது திரும்பி வந்தது 2014 ஒக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் ரயிலைப் பார்க்கவில்லை, ஆனால் அதன் பாதையைத் துண்டு துண்டாகப் பார்த்திருந்தோம். தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குக் கூரையாகிப் போயிருந்தன. வன்னியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு மரத்தில் தொங்கியது. அதுதான் எங்கள் மணி. பாடம் மாறும்போது ஒரு தரம் அடிப்பார்கள். கிபிர் வந்தால் நிறுத்தாமல் அடிப்பார்கள்.

அன்று வகுப்பில் கேட்ட பதிவு 1948இல் பாரிஸ் வானொலியில் செய்யப்பட்டது. செய்தவர் பியர் ஷேஃபர் என்ற பொறியியலாளர். இப்போது கணினியில் இசையமைக்கும் எந்தப் பிள்ளையும் ஒரு சத்தத்தைப் பதிந்து, வெட்டி, திருப்பித் திருப்பி ஓடவிட்டு, வேகத்தை மாற்றிப் பாட்டுக்குள் செருகுகிறது. அந்த வேலையை முதலில் ஒழுங்காகச் செய்து பார்த்து, அதற்கொரு பெயரும் வைத்தவர் அவர். அவரைப் பற்றி எழுத எனக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஷேஃபர் 1910 ஓகஸ்ட் 14ஆம் திகதி பிரான்ஸின் கிழக்கே நான்சி நகரில் பிறந்தார். அப்பா வயலின் வாசிப்பவர், அம்மா பாடகி. வீட்டில் இரண்டு பேரும் இசைக்காரர் என்றால் பிள்ளையை எங்கே அனுப்புவார்கள்? எங்கள் வீடுகளில் நடப்பதுதான் அங்கும் நடந்தது. கணக்கில் கெட்டிக்காரனாக இருந்த பையன் பொறியியல் பக்கம் போனான். பிரான்ஸில் மிகக் கடினமான போட்டிப் பரீட்சையால் மட்டுமே நுழையக்கூடிய எக்கோல் பொலிதெக்னிக்கில் படித்து, பிறகு மின்னியலும் தொலைத்தொடர்பும் கற்று, 1934இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அரச தொலைத்தொடர்புப் பொறியியலாளராக வேலைக்குச் சேர்ந்தார். ஓரிரு வருடங்களில் பாரிஸ் வானொலிக்கு மாறினார். மைக்குகளும் ஒலிபரப்பிகளும் இசைத்தட்டு வெட்டும் இயந்திரங்களும் அவர் கைக்கு வந்தன. விட்டுப்போன இசை பின்கதவால் திரும்பி வந்தது போல.

1940இல் பிரான்ஸ் வீழ்ந்தது. பாரிஸ் ஜேர்மனியர் கையில். தெற்கே விஷி நகரில் மார்ஷல் பெத்தேனின் அரசு, ஆக்கிரமித்தவனோடு ஒத்துப்போன அரசு. ஷேஃபரின் வாழ்க்கையில் மெல்லக் கடந்துபோகச் சிலர் விரும்பும் பக்கம் இங்கேதான் இருக்கிறது. தீவிர கத்தோலிக்கரும் சாரணர் இயக்கத்தில் ஊறியவருமான அவர், அந்த அரசின் வானொலியில் இளைஞர்களுக்கான நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். இளைய பிரான்ஸ் என்ற பெயரில் அரச நிதியில் ஒரு கலாசார அமைப்பையும் நடத்தினார். நாடகக்காரர், இசைக்காரர், எழுத்தாளர் எனப் பலருக்கு அது அந்தப் பஞ்ச காலத்தில் வேலை கொடுத்தது. 1942இல் அரசே அந்த அமைப்பைக் கலைத்துவிட்டது.

அவர் துரோகியா, பிழைக்கத் தெரிந்தவரா, அல்லது இருந்த இடத்தில் நின்று செய்யக்கூடியதைச் செய்தவரா என்று பிரெஞ்சுக்காரர் இன்னும் வாதாடுகிறார்கள். போருக்குள் யார் எங்கே வேலை செய்தார், யாரிடம் சம்பளம் வாங்கினார் என்ற கேள்வி எவ்வளவு கூரானது என்று எங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து அதைக் கேட்பது எவ்வளவு சுலபம் என்பதும் தெரியும். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது வாழ்க்கை வரலாறு அல்ல, அஞ்சலிப் பிரசுரம்.

அடுத்த பக்கம் இது. 1943 முதல் பாரிஸில், பல்கலைக்கழகத் தெரு என்று பொருள்படும் பெயர்கொண்ட வீதியில், 37ஆம் இலக்கக் கட்டடத்தில் ஷேஃபர் ஒரு பரிசோதனை ஒலிக்கூடத்தை நடத்தினார். வானொலி நாடகத்தை எப்படிச் செய்வது, குரலை மைக்குக்கு எவ்வளவு கிட்டவாக வைப்பது என்று ஆராய்வதே வெளிக்குச் சொல்லப்பட்ட வேலை. அதே அறைகளில், தடைசெய்யப்பட்ட கவிஞர்களின் குரல்கள் இரகசியமாக இசைத்தட்டுகளில் பதியப்பட்டன. விடுதலை வரும் நாளில் ஒலிபரப்புவதற்காக, ஜேர்மனியரின் மூக்குக்குக் கீழேயே ஒரு வானொலி தயாராகிக்கொண்டிருந்தது.

அந்த நாள் 1944 ஓகஸ்டில் வந்தது. நகரில் கிளர்ச்சி தொடங்கியிருந்தது. 20ஆம் திகதி இரவு அந்தக் கூடத்திலிருந்து சுதந்திர வானொலியின் முதல் ஒலிபரப்பு போனது. 24ஆம் திகதி இரவு லெக்லேர் தளபதியின் படையின் முன்னணிக் குழுவொன்று நகர மண்டபத்தை அடைந்தது. ஜேர்மன் படை இன்னும் சரணடையவில்லை, அது மறுநாள்தான் நடந்தது. ஆனால் ஷேஃபர் காத்திருக்கவில்லை. மைக்கின் முன் அமர்ந்து செய்தியைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருக்கும் குருவானவர்கள் எல்லோரும் தங்கள் கோவில் மணிகளை உடனே அடிக்கவேண்டும் என்று கேட்டார். நொத்ர் டாம் பேராலயத்தின் பெரிய மணி உட்பட, இருட்டுக்குள் ஒவ்வொன்றாக மணிகள் எழுந்தன. வானொலி இல்லாத வீட்டுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

இதை முதலில் வாசித்தபோது எனக்கு அப்பாவின் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது. மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்போம். இரவில் பிபிசி தமிழோசைக்கு அயல் வீடுகளும் கூடும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துபோகும். உடனே இன்னொருவர் பெடலைப் பிடிப்பார். வானொலிக்கு முன்னால் இருப்பவர்களின் உடம்பும் சேர்ந்துதான் செய்தி வருகிறது என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

போர் முடிந்தது. ஷேஃபருக்கு வயது முப்பத்தைந்து. வானொலியில் பெரிய பதவிகள் கிடைத்தன, பறிபோயின. அலுவலகச் சண்டைகளுக்குள் நான் போகவில்லை. முக்கியமானது 1948. அந்த வருடம் அவர் சத்தங்களை வைத்தே ஓர் இசை செய்யலாமா என்று தேடத் தொடங்கினார். வானொலியின் ஒலிச் சேமிப்பறைக்குப் போனார். நாடகங்களில் கதவு திறக்க, மழை பெய்ய, குதிரை ஓடப் பயன்படும் பொருட்களை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார். மரக்கட்டை, தேங்காய்ச் சிரட்டை, சைக்கிள் ஹோர்ன், மணிகள். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினார். அந்தக் குறிப்புகள் பின்னர் 1952இல் புத்தகமாக வந்தன. ஒரு பொறியியலாளரின் ஆய்வுக் குறிப்பும் ஒரு பைத்தியக்காரனின் நாட்குறிப்பும் கலந்த மாதிரி இருக்கும்.

அப்போது அவரிடம் ஒலிநாடா இல்லை. இசைத்தட்டு வெட்டும் இயந்திரம் மட்டுமே இருந்தது. இரண்டு கண்டுபிடிப்புகளும் அதிலிருந்து வந்தவை. முதலாவது மூடிய வரி. இசைத்தட்டில் ஊசி ஓடும் வரி வெளியிலிருந்து உள்ளே சுருளாகப் போகும். ஒரு சுற்றின் முடிவு அதன் தொடக்கத்தோடு போய் ஒட்டிக்கொண்டால் ஊசி அங்கேயே சிக்கி அதே துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். கீறல் விழுந்த றெக்கோட் செய்வதைத்தான் அவர் வேண்டுமென்றே செய்தார். நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் ஒரு சுற்று ஒரு செக்கனுக்கும் குறைவு. ரயிலின் தடதடப்பிலிருந்து அப்படி ஒரு துண்டை எடுத்து ஓடவிட்டால், முதல் சில தடவை ரயில்தான் கேட்கும். பத்தாவது, இருபதாவது தடவையில் ரயில் மெல்ல மறைந்துபோய்த் தாளம் மட்டும் நிற்கும்.

இரண்டாவது, வெட்டிய மணி. ஒரு மணியோசையைத் தட்டில் பதியும்போது நாக்கு மணியில் மோதும் அந்தக் கணத்தை விட்டுவிட்டு, அடுத்து வரும் கார்வையை மட்டும் எடுத்தார். கேட்டவர்களுக்கு அது மணியாகவே தெரியவில்லை. யாரோ குழல் ஊதுவது போலிருந்தது. மணியை மணி என்று எங்களுக்குச் சொல்வது அதன் நீண்ட ஓசை அல்ல, தொடக்கத்தில் விழும் அந்த ஒரு அடிதான். செக்கனில் ஒரு சிறு பங்கு. அதை எடுத்துவிட்டால் பொருள் போய்விடுகிறது, ஒலி மட்டும் மிஞ்சுகிறது.

நான்கு வருடங்களுக்கு முன் நகரம் முழுக்க மணியடிக்கச் சொன்ன அதே மனிதர். அந்த இரவில் மணியோசை என்றால் ஒரே ஒரு பொருள்தான். இப்போது அவர் மணியிலிருந்து அந்தப் பொருளைச் சீவி எடுத்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டையும் ஷேஃபர் எங்காவது சேர்த்துக் கதைத்தாரா என்று நான் தேடவில்லை. சேர்த்துப் பார்ப்பது என் புத்தி. போருக்குள் இருந்து வந்தவர்களின் புத்தி அப்படித்தான் போகும்.

அந்த மே மாதம் ஒலிப்பதிவு வண்டியோடு பாரிஸின் பத்திஞோல் ரயில் கொட்டகைக்குப் போனார். அங்கே நின்ற ஆறு இயந்திரங்களின் சாரதிகளிடம் விசிலை விரும்பியபடி ஊதச் சொன்னார். அவர்களுக்கு விளங்கியிருக்குமோ தெரியாது. அந்தச் சத்தங்களிலிருந்து வந்ததுதான் நாங்கள் வகுப்பில் கேட்ட ரயில் பதிவு. அது உட்பட ஐந்து சிறு படைப்புகள் 1948 ஒக்டோபர் 5ஆம் திகதி சத்தங்களின் கச்சேரி என்ற பெயரில் வானொலியில் ஒலிபரப்பாகின. மேடை இல்லை, வாத்தியக்காரர் இல்லை. வீட்டில் இருந்தவர்கள் கேட்ட கச்சேரி.

இதற்கு அவர் வைத்த பெயர் மியூசிக் கொங்க்ரேத். எங்கள் வகுப்பில் ஒருவன் கொங்கிறீட் போடும் சத்தத்தில் செய்த இசையா சேர் என்று கேட்டான். கேள்வி பிழையில்லை. அந்தச் சொல் குறிப்பது சீமெந்தை அல்ல. மற்ற இசை தாளில் எழுதப்பட்டுப் பிறகு ஒலியாகிறது. இது கையில் இருக்கும் ஒலியில் தொடங்கி அதிலிருந்து இசையைத் தேடுகிறது. அவ்வளவுதான் பொருள்.

1949இல் பியர் ஓன்ரி என்ற இளம் இசைக்காரர் சேர்ந்தார். இருவரும் செய்த தனி மனிதனுக்கான சிம்பொனி 1950 மார்ச்சில் மேடையேறியது. மூச்சு, காலடி, கதவு, சிரிப்பு, பேச்சுத் துண்டுகள் ஆகியவற்றால் ஆன படைப்பு அது. பிறகு ஒலிநாடா வந்தது. ஜாக் பூலன் என்ற பொறியியலாளர் அதன் வேகத்தையும் சுருதியையும் மாற்றும் இயந்திரங்களைச் செய்து கொடுத்தார். இளம் ஸ்டொக்ஹவுசன் வந்து போனார். செனாக்கிஸ் வந்தார். ஜேர்மனியின் கொலோன் வானொலியில் மின்னலைவிகளிலிருந்து மட்டும் ஒலி பிறப்பிக்கும் வேறொரு குழு எழுந்தது. இரண்டு கூடங்களும் பல வருடம் முறைத்துக்கொண்டிருந்தன. ஜேர்மன் படையை விரட்டிவிட்டோம், ஆனால் வியன்னாவின் பன்னிரு சுர இசையை விரட்ட முடியவில்லை என்ற பொருளில் ஷேஃபர் பிற்காலத்தில் சொன்னார். போர் முடிந்த பிறகும் அது எங்கெல்லாம் போய் உட்காரும் பாருங்கள்.

1950களின் நடுவில் பிரான்ஸின் ஆபிரிக்கக் குடியேற்றங்களுக்கான வானொலி நிறுவனத்தை அமைக்கும் வேலை அவரிடம் வந்தது. பாரிஸுக்கு வெளியே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கி, ஆபிரிக்க இளைஞர்களுக்கு ஒலிபரப்புக் கற்றுக்கொடுத்தார்கள். ஆளும் நாட்டின் பணத்தில், ஆளப்படும் மக்களுக்கான வானொலி. அதன் முரண்பாட்டை நான் விளக்கத் தேவையில்லை. நிதி கொடுப்பவர் யார், குரல் யாருடையது என்று ஒவ்வொரு செயற்திட்ட அறிக்கையின் கீழும் நாங்களும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 1960 முதல் அரச வானொலி, தொலைக்காட்சியின் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தினார். 1968இல் அங்கிருந்து ஷாடோக் என்ற பறவைகளின் கார்ட்டூன் வந்து நாட்டையே இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் கோபக் கடிதம் எழுதினார்கள். 1970களின் நடுவில் அந்த அரச நிறுவனமே கலைக்கப்பட, ஆராய்ச்சிப் பிரிவும் போனது.

1966இல் அவர் எழுதிய பெரும் புத்தகம் கேட்பதைப் பற்றியது. காது மூன்று விதமாக ஓடுகிறது என்று நான் அதைச் சுருக்கி விளங்கிக்கொண்டேன். என்ன சத்தம், எதிலிருந்து வருகிறது என்று காரணத்தைத் தேடும். என்ன சொல்ல வருகிறது என்று பொருளைத் தேடும். இரண்டையும் ஒதுக்கிவிட்டு அந்த ஒலியின் உடலை மட்டும், அதன் கரடுமுரடை, தடிப்பை, தேய்வை மட்டும் கேட்கவும் முடியும். அந்த மூன்றாவதைப் பழகச் சொல்கிறார். பித்தகோரஸ் திரைக்குப் பின்னால் இருந்து பாடம் சொல்ல, மாணவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டார்கள் என்ற பழங்கதையை உதாரணம் காட்டுகிறார். வானொலியும் ஒலிபெருக்கியும் அந்தத் திரை என்கிறார்.

பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்து எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். ஆனால் எனக்குள் அது இறங்கவில்லை. பங்கருக்குள் இருந்தவர்களும் திரைக்குப் பின்னால் இருந்தவர்கள்தான். எதையும் பார்க்க முடியாது. காதுதான் கண். ஷெல் புறப்படும் சத்தம் கேட்டால் மனதுக்குள் எண்ணத் தொடங்குவோம். எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு தூரம், ஆட்டிலறியா, மல்டிபரலா. தலைக்கு மேல் வண்டு சுற்றினால் கொஞ்ச நேரத்தில் என்ன வரும் என்று தெரியும். எட்டு வயதுப் பிள்ளை சரியாகச் சொல்லும். காரணத்தைத் தேடாமல் ஒலியின் உடலை மட்டும் ரசித்துக்கொண்டு நின்றவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார். ஷேஃபர் பழகச் சொன்னதற்கு நேரெதிரான பயிற்சியை நாங்கள் வருடக்கணக்கில் எடுத்திருந்தோம். இன்றும் கலியாண வீட்டில் வெடி கொளுத்தினால் என் வயதுக்காரர் முகங்களைப் பாருங்கள், ஒரு கணம் எல்லோரும் எண்ணுகிறார்கள்.

அதனாலேயே இந்த மனிதரை விடமுடியாமல் இருந்தேன். ஆக்கிரமிக்கப்பட்ட நகரில் இருந்தவர் அவர். சைரனும் துப்பாக்கியும் கேட்டவர். ஒன்றும் கேளாத சொகுசில் இருந்து இதை எழுதவில்லை. சத்தத்தை அதன் காரணத்திலிருந்து பிரிக்க முடியும் என்று அவர் நம்பினாரா, அல்லது பிரித்துவிட விரும்பினாரா?

கடைசியில் அவரே தன் வேலையில் நம்பிக்கை இழந்தார். 1986இல் ஒரு நேர்காணலில், நாற்பது வருடங்களை வீணாக்கிவிட்டதாகவும், பழைய சுர வரிசைக்கு வெளியே இசை என்று ஒன்றும் இல்லை என்றும் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டார். அவரிடம் படித்தவர்களுக்கும் அவரைக் குருவாகக் கொண்டாடியவர்களுக்கும் அது கசப்பாக இருந்தது. எனக்கு அந்த இடத்தில்தான் அவரை மிகவும் பிடித்தது. கடைசி வருடங்களில் மறதிநோய் வந்தது. 1995 ஓகஸ்ட் 19ஆம் திகதி, 85 வயதில், தெற்கு பிரான்ஸின் எக்ஸ்-ஓ-புரொவான்ஸ் பகுதியில் இறந்தார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரைக்காக வன்னிக்குப் போனபோது, ஒரு சிறிய பாடசாலையில் இன்னமும் தண்டவாளத் துண்டு தொங்குவதைக் கண்டேன். அதிபரிடம் கேட்டு, இரண்டு மூன்று அடியைத் தொலைபேசியில் பதிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டு, ஷேஃபர் செய்தது போலவே தொடக்கத்தில் இருந்த அடியை வெட்டினேன். இப்போது அதற்கு மூன்று நிமிடம் போதும். மிஞ்சிய கார்வையை அம்மாவுக்குக் கேட்கக் கொடுத்தேன். நாதஸ்வரத்துக்குப் பிடிக்கும் ஒத்து மாதிரி இருக்கிறது, எந்தக் கோவில் என்று கேட்டார். இன்னொரு தரம் போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார்.

பிறகு வெட்டாத பதிவைப் போட்டேன். இரண்டாவது அடி முடியமுதலே அம்மா எழுந்துவிட்டார். அதை நிற்பாட்டு என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனார்.